பழைய படை வாகனத்தை வீதிக்கு இறக்குவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உட்துறைமுக வீதியில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் நாலு பேராவது வந்துவிடுவார்கள். ஒருவர் பொனற்றைத் தட்டிப் பார்ப்பார், இன்னொருவர் குனிந்து அடியைப் பார்ப்பார். கேள்விகள் மட்டும் எப்போதும் ஒன்றுதான். வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடுகிறேன். டாங்கி பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

அண்ணை, நம்மட ஊரில் யாரிடமாவது டாங்கி இருக்கிறதா?

இந்த ஊரில் அப்படிக் கேட்டால் முதலில் வரும் பதில் "எண்ணெய்த் தாங்கியா, தண்ணீர்த் தாங்கியா?" என்பதுதான். ஒரு பழைய மெக்கானிக்கிடம் நான் கேட்டபோது அவர் சீனக்குடாப் பக்கம் கையைக் காட்டினார். தப்பில்லை. பிரிட்டிஷ்காரர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் அங்கே 100 அளவில் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு விமானம் 91ஆம் தாங்கியின் மேல் போய் விழுந்து, தீ 7 நாள் எரிந்ததாகச் சொல்வார்கள். நீங்கள் கேட்பது சங்கிலியில் ஓடும் டாங்கியை. அது தனியார் யாரிடமும் இல்லை. படைத் தளபாடம் பார்க்க ஆசை என்றால் உவர்மலையில் இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

காசு இருந்தால்? வெளிநாட்டில் ஒன்றை வாங்கி, திருத்தி, இங்கே வீதியில் ஓட்டலாமா?

இல்லை. ஆசைப்பட்டவர்களின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் இல்லைதான்.

முதல் தடை துறைமுகத்திலேயே. சுங்கத் தீர்வை அட்டவணையில் டாங்கிக்கும் கவச வாகனத்துக்கும் 8710 என்று தனித் தலைப்பே உண்டு. "பழைய இரும்பு" என்றோ "ட்ராக்டர் மாதிரி ஒன்று" என்றோ எழுதித் தப்ப முடியாது. பாதுகாப்பு அமைச்சு சம்மதிக்காமல் அது கப்பலை விட்டு இறங்காது. பொழுதுபோக்குக்கு என்று கேட்டால் சம்மதம் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். இரண்டாவது, பதிவு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கார், லொறி, பஸ், ட்ராக்டர் என்று வகை பிரித்து வைத்திருக்கிறது. தனியாரின் போர் டாங்கிக்கு அதில் இடமில்லை. மூன்றாவது வீதி. அதற்குக் கீழே தனியாகப் பதில் சொல்கிறேன், அதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

பிறகு இங்கிலாந்தில் மட்டும் எப்படி ஓட்டுகிறார்கள்? வீடியோவில் பார்த்தேனே.

உண்மைதான், ஓட்டுகிறார்கள். இலக்கத் தகடு பூட்டி, கடைத்தெருவில்கூட நிறுத்துகிறார்கள். அங்கே சட்டம் டாங்கியையும் ஒரு வாகனமாகத்தான் பார்க்கிறது. வாகனம் என்றால் வாகனத்துக்கு உரியதெல்லாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிச்சம், சிக்னல், கண்ணாடி, கோர்ன், காப்புறுதி எல்லாம் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் சங்கிலி வாகனத்துக்கென்றே எச் என்று தனி வகுப்பு இருக்கிறது. கார் ஓட்டத் தெரிந்தவர் அப்படியே ஏறி உட்கார முடியாது. 40 வயது தாண்டிய வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்தால் வீதி வரி இல்லை. சுடுகுழாய் இருந்தால் அதை மீண்டும் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து, சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சங்கிலியின் வீதியில் படும் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். அதனால் சங்கிலியின் ஒவ்வொரு கட்டைக்கும் இறப்பர் அட்டை பூட்டுகிறார்கள். அந்த அட்டை தேயத் தேய மாற்ற வேண்டும். ரயர் மாற்றும் செலவைப் பற்றிப் புலம்புகிறவர்கள் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம், ஒரு பக்கத்துச் சங்கிலியில் மட்டும் எத்தனை கட்டை என்று.

அகலம் இன்னொரு சிக்கல். பெரிய டாங்கிகள் 3 மீற்றரைத் தாண்டும். அங்கேயும் அப்படிப்பட்டதை வழக்கமான விதிக்குள் அடக்க முடியாது. சிறப்பு ஒழுங்கு செய்ய வேண்டும், அல்லது லோபெட் லொறியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் அங்கே வீதியில் காணும் சங்கிலி வாகனங்களில் சிறியவையே கூட.

இவ்வளவு பாரம் ஏறினால் தார் வீதி அமிழ்ந்து போகாதா?

எல்லோரும் நினைப்பது அதுதான், ஆனால் பாரம் அல்ல முதல் எதிரி. நம் நாட்டு இராணுவம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கிய ரி-55 டாங்கியை எடுங்கள். 36 தொன். ஆனால் அந்தப் பாரம் இரண்டு நீளமான சங்கிலிகளில் பரவி நிற்பதால், நிலத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு விழுவது 1 கிலோவுக்கும் குறைவு. ஒரு சாதாரண காரின் ரயர் அழுத்தம் அதைப்போல இரண்டு மடங்கு. சேற்றில் கார் புதைய டாங்கி தாண்டிப் போவது இதனால்தான்.

கெடுவது திரும்பும்போது. டாங்கிக்குக் காரைப்போல முன்சில்லு திரும்பாது. ரி-55இல் ஸ்ரியரிங்கே இல்லை, இரண்டு நெம்புகோல்தான். ஒரு பக்கச் சங்கிலியை மெதுவாக்கினால் முழு வாகனமும் அந்தப் பக்கம் இழுபட்டுத் திரும்பும். திரும்பும் அந்த நேரம் இரும்புக் கட்டைகள் வீதியில் பக்கவாட்டாக அரைபடும். இப்போது மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அனுராதபுரச் சந்தியில் தார் எப்படி இளகிக் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதில் செருப்பே ஒட்டும்.

பாலத்தில் கதை வேறு. அங்கே மொத்தப் பாரம்தான் கணக்கு. 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள், அதற்கு முன்னால் உள்ளூர் வீதிகளிலுள்ள சின்ன மதகுகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்புறம் எண்ணெய்ச் செலவு. 38 லீற்றருக்கும் மேல் கொள்ளளவு உள்ள 12 சிலிண்டர் டீசல் எஞ்சின். ஒரு லீற்றருக்கு அரை கிலோமீற்றர் ஓடினாலே பெரிய விஷயம்.

சுடுகுழாயை வெட்டிவிட்டு, "ஆயுதம் இல்லை" என்று காட்டினால்?

1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தோடு விளையாட வேண்டாம். நம் ஊரில் ஒரு பக்கம் கடற்படைத் தளம், ஒரு பக்கம் விமானப்படைத் தளம், கோட்டைக்குள் இராணுவம்.

டாங்கி மாதிரித் தகரத்தில் உடல் கட்டி ட்ராக்டருக்கு மேல் வைத்தால்?

காணிக்குள் பிள்ளைகளின் கலைவிழாவுக்குச் செய்யலாம். வீதியில் என்றால் ட்ராக்டரின் உடலை மாற்றியதற்கு அனுமதி வேண்டும். அதோடு, குழாய் ஒன்றை நீட்டிக்கொண்டு முதல் காவலரணை நெருங்கும்போது என்ன சொல்வீர்கள் என்பதை வீட்டிலேயே பயிற்சி செய்துவிட்டுப் போங்கள்.

இராணுவம் ஓட்டும் பவள் வண்டி? சில்லுதானே அதற்கு?

சில்லுதான். ஆனால் அதுவும் கவச வாகனம். பதில் டாங்கிக்குச் சொன்னதுதான்.

சரி, சாதாரண ஆள் எதைத்தான் வாங்கித் திருத்தலாம்?

கவசமும் ஆயுதமும் இல்லாத படை வாகனங்கள். முதலிடம் வில்லிஸ் ஜீப்புக்கு. 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். போர்க்காலத்தில் திருகோணமலை பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய தளம். போர் முடிந்தபின் இந்த ஜீப்புகள் தோட்டத்துரைமார், மில் முதலாளிகள், அரச திணைக்களங்கள் என்று கைமாறின. அடுத்தது பழைய லாண்ட்ரோவர். அதற்கடுத்தது மிற்சுபிஷி ஜீப். நம்மவர்கள் எஞ்சின் பெயரை வைத்து "ஃபோர் டிஆர் ஃபைவ்" என்றே சொல்வார்கள். பாட்ஸ் தேடுகிறவனுக்கு மிற்சுபிஷிதான் சுகம். என்னுடையது வில்லிஸ். தம்பலகாமப் பக்கம் ஒரு நெல் மில்லின் கொட்டிலில் உமிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது.

போர்க்கால வில்லிஸா, பிறகு வந்த சிவில் ஜீப்பா என்று அறிய முகத்தைப் பாருங்கள். முன் கம்பித் தகட்டில் 9 பிளவு இருந்தால் போர்க்காலத்தது. 7 என்றால் சிவில். ஆனால் முகத்தை மாற்றிப் பூட்டுவது அரை நாள் வேலை என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

புத்தகத்தை. எஞ்சினை அல்ல, ரயரை அல்ல, தகரத்தை அல்ல. பதிவுப் புத்தகத்தை.

தகரம் உக்கியிருந்தால் வெட்டி ஒட்டலாம். எஞ்சின் இறுகியிருந்தால் கழற்றலாம். புத்தகம் இல்லாத ஜீப், சட்டத்தின் கண்ணில் ஜீப்பே இல்லை, இரும்புக் குவியல். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாள்கள் ஞாபகம் இருக்கிறதா? கியூஆர் அட்டை எடுக்க அடையாள அட்டை இலக்கத்தோடு செஸி நம்பரும், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில் உள்ள இலக்கமும் கேட்டார்கள். அழகாகத் திருத்தி பெயின்ற் அடித்து வைத்திருந்த சிலர், பதிவு சரியில்லாததால் ஒரு லீற்றர்கூட எடுக்க முடியாமல் நின்றதை நான் பார்த்தேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாகனத்துக்குப் பக்கத்தில் குந்துங்கள். செஸி நம்பர், எஞ்சின் நம்பர், நிறம், எரிபொருள் வகை, உற்பத்தி ஆண்டு என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனி ஏதாவது உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

புத்தகம் இல்லை, ஆனால் ஜீப் அச்சா. வேறொரு ஜீப்பின் புத்தகம் வாங்கித் தருகிறேன் என்கிறார் விற்பவர்.

எழும்பி வந்துவிடுங்கள். செத்த ஜீப்பின் புத்தகத்தை வாங்கி, அதன் நம்பரை இந்தச் செஸியில் அடித்து ஓட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. அது குற்றம், வாகனம் போகும், வாங்கிய நீங்களும் சேர்ந்து போவீர்கள். அச்சா ஜீப் என்றால் பாட்ஸ் விலைக்குக் கேளுங்கள். புத்தகம் உள்ள ஒன்றுக்கு உதவும்.

எங்களுடைய புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது.

இது வேறு. தொண்ணூறில் ஓடியபோது விட்டுப் போனவர்கள், 2004 சுனாமியில் அலுமாரியோடு பறிகொடுத்தவர்கள் என்று இந்த மாவட்டத்தில் பலர். பதிவு திணைக்களத்தில் இருக்கும்வரை புத்தகத்தின் இணைப்பிரதி எடுக்கலாம். பொலிசில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை எடுங்கள், சத்தியக் கடதாசி முடியுங்கள், இலக்கத்தைச் சொல்லி மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பியுங்கள். வாகனம் ஓடிய காலத்துப் பழைய வரிப் பத்திரம், இன்சூரன்ஸ் துண்டு, அப்பாவின் டயறியில் எழுதிய நம்பர் எதுவானாலும் தேடி எடுங்கள். இலக்கமே தெரியாதவருக்குத்தான் வேலை கஷ்டம்.

"ஓப்பின் பேப்பர்" இருக்கிறது என்கிறார்கள். பரவாயில்லையா?

விற்றவர் கையெழுத்து வைத்த உரிமை மாற்றப் படிவம், வாங்குபவர் பெயர் எழுதும் இடம் வெறுமை. அப்படியே ஐந்து கை மாறியிருக்கும். என் ஜீப்புக்கும் அப்படித்தான். புத்தகத்திலிருந்த பெயரைத் தேடிப் போனால், அவர் இறந்து பல வருஷம். இறந்தவரின் கையெழுத்தோடு மாற்றம் கேட்கக் கூடாது. பிள்ளைகளைத் தேடி, மரணச் சான்றிதழ் எடுத்து, உரித்துப் பத்திரங்கள் முடித்து, அவர்கள் ஊடாகத்தான் என் பெயருக்கு வந்தது. எஞ்சின் வேலைக்கு எடுத்த காலத்தைவிட இதற்கு எடுத்த காலம் கூட. கொட்டிலில் வைத்து "எல்லாம் கிளீன்" என்று என்னிடம் சத்தியம் பண்ணியவர் பிறகு போன் எடுக்கவில்லை.

படை ஏலத்தில் எடுத்தால்?

பாவனைக்கு உதவாது என்று கழித்த வாகனங்களை முப்படையும் கேள்விப்பத்திரம் மூலம் விற்பதுண்டு. ஏலத்துக்கு முன் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: பதிந்து ஓட்டக்கூடிய வாகனமாக விற்கிறார்களா, உடைத்து இரும்பாக்க விற்கிறார்களா? இரண்டாவது என்றால் பதிவை மறந்துவிடுங்கள். முதலாவது என்றால் விற்பனைக் கடிதத்தில் செஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிங்கள எழுத்துள்ள படைத் தகட்டை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

செஸி நம்பர் எங்கே இருக்கும்? எனக்குத் தெரியவில்லை.

வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால், இடப்பக்க அடிச்சட்டத்தின் உட்புறம் ஒரு சிறு தகட்டில். ஃபோர்ட் செய்த ஜீப்பில் இடப்பக்க அடிச்சட்டத்தின் மேல்முகத்திலேயே அடித்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊர் உப்புக்காற்றில் அந்த இடம் வெறும் துருக்கட்டியாகத்தான் இருக்கும். என் ஜீப்பை கராஜில் விட்ட மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். கராஜ் பொடியன் கிரைண்டரில் சாண்டிங் டிஸ்க் போட்டு, பின்னாலிருந்து முன்னுக்கு வெள்ளையாக இழுத்துக்கொண்டே வருகிறான். முன் பம்பருக்கு ஒரு முழம்தான் மிச்சம். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரரும் ஓடி வந்துவிட்டார். அந்த ஒரு முழம் போயிருந்தால் புத்தகம் வெறும் கடதாசி. பிறகு டீசலில் இரண்டு நாள் ஊறவிட்டு, பித்தளைத் தூரிகையால் நானே தேய்த்தேன். முதலில் ஒரு 3 தெரிந்தது, பிறகு 1. மேலே கடதாசியை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தபோது முழு நம்பரும் எழும்பி வந்தது. அந்தக் கடதாசியை இன்னும் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். படம் எடுங்கள், கிரீஸ் பூசுங்கள், அதற்குப் பிறகு கராஜ் பாஸிடம் விடுங்கள்.

எஞ்சின் மாற்றலாமா?

மாற்றலாம், மறைக்கக் கூடாது. பெற்றோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் போட்டவர்கள் நிறையப் பேர். எஞ்சின் நம்பரும் எரிபொருள் வகையும் மாறுவதால் திணைக்களத்துக்கு அறிவித்து, பரிசோதகரிடம் காட்டி, புத்தகத்தில் ஏற்ற வேண்டும். எஞ்சின் வாங்கிய பில்லையும் அது இறக்குமதியானதற்கான சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் விற்பவரிடமே வாங்கிவிடுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், 60 குதிரைவலு உள்ள 2.2 லீற்றர் மூல எஞ்சினை விட்டுவிட வேண்டாம். அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின். 92 பெற்றோலே அதற்கு விருந்து.

வீதிக்கு இறக்க வாகனத்தில் என்னென்ன சேர்க்க வேண்டும்?

போருக்குச் செய்த வாகனத்தில் எதிரி கண்ணில் படாமல் இருக்கத்தான் எல்லாம் செய்திருப்பார்கள். வீதியில் நமக்கு வேண்டியது நேர்மாறு. பூனைக்கண் மாதிரி இருக்கும் இருட்டடிப்பு விளக்குகள் அலங்காரத்துக்கு இருக்கட்டும். பின்னால் இரண்டு பக்கமும் ஒழுங்கான சிவப்பு விளக்கும் பிரேக் லைற்றும், நாலு மூலையிலும் சிக்னலும், இரண்டு பக்கக் கண்ணாடியும், கையால் ஆட்டும் வைப்பருக்குப் பதில் மோட்டார் வைப்பரும் போடுங்கள். மூல மின்சாரம் 6 வோல்ற், வெளிச்சம் மின்மினிதான். 12 வோல்ற்றுக்கு மாற்றுவது மரியாதைக் குறைவு அல்ல. நிலாவெளி வீதியில் இரவில் குறுக்கே மாடு படுத்திருக்கும்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலு சில்லுக்கும் ஒரே மாஸ்ரர் சிலிண்டர், ஒரே குழாய் வழி. ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போகும். ஹான்ட் பிரேக் சில்லில் இல்லை, பின் ஷாஃப்றில் பிடிக்கும். ஓடும்போது இழுத்தால் ஷாஃப்றை முறுக்கிவிடும். ஆகவே குழாய்கள், சிலிண்டர், ஒயில் எல்லாம் புதிது.

ஸ்ரியரிங் இடப்பக்கம் இருக்கிறதே?

வில்லிஸ் அப்படித்தான். பின்னால் இடப்பக்க ஓட்டம் என்று பெரிதாக எழுதிவிடுங்கள். முக்கியமானது ஹெட்லைற். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த லைற், டிம் பண்ணும்போது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அதைக் கழற்றிவிட்டு நம் நாட்டு லைற்றைப் பூட்டுங்கள்.

இராணுவப் பச்சை அடிக்கலாமா? வெள்ளை நட்சத்திரம்?

புத்தகத்தில் உள்ள நிறம் எதுவோ அதுதான் வாகனத்தின் நிறம். மாற்றினால் பதிய வேண்டும். அதற்கு மேல் இது திருகோணமலை. படை வாகனம் போலவே ஒன்று ஓடினால் சந்திக்குச் சந்தி நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். புள்ளிப் பெயின்ற், படை இலச்சினை, படை இலக்கம் மூன்றும் வேண்டவே வேண்டாம். நான் மணல் நிறம் அடித்தேன். பார்க்கிறவர்கள் "சினிமாவுக்கா?" என்று கேட்பதோடு சரி.

பழைய இலக்கத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், பழைய இலக்கம் வாகனத்தோடுதான் இருக்கும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ வந்தது. அதைத் தமிழில் மாற்றி எழுதும் போராட்டம் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன் பதிந்த வாகனம் ஆங்கில எழுத்தோடு இருக்கும். ஜீப் எந்தக் காலத்தில் இங்கே பதியப்பட்டது என்பதைத் தகடே காட்டிவிடும்.

கடைசியாக எங்கெங்கே போக வேண்டும்?

மூன்று கடதாசி. காப்புறுதி, குறைந்தது மூன்றாம் தரப்பு. புகைப் பரிசோதனை. இரண்டையும் கொண்டுபோனால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் வருடாந்த வரிப் பத்திரம். ஜீப் வருஷக்கணக்கில் நின்றிருந்தால், பாவனையில் இல்லை என்று முன்னரே அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிலுவை உங்கள் தலையில்.

புகைப் பரிசோதனைக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள். பெற்றோல் வாகனத்தை சும்மா ஓடும் வேகத்திலும் 2,500 சுற்றிலும் பார்ப்பார்கள். கார்பரேற்றரைச் சரிசெய்து, கன்னியா வரை ஒரு ஓட்டம் ஓடி, சோக் முழுதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து நேரே உள்ளே விடுங்கள். நான் முதல் தடவை தோற்றது அந்தச் சோக்கால்தான்.

கொழும்புக்கு ஓட்டிப் போகலாமா?

சட்டப்படி போகலாம். கண்டி வீதியால் ஏறி 260 கிலோமீற்றர் அளவு. மணிக்கு 60க்கு மேல் போனால் காதும் முதுகும் முறைப்பாடு செய்யும். நான் கந்தளாயோடு திரும்பிவிடுவேன்.

ஒருக்கால் ஓட்டிப் பார்க்கத் தருவீர்களா?

ஞாயிறு விடிய ஆறு மணிக்கு வாருங்கள், வீதியில் மான்களைத் தவிர ஆள் இருக்காது. முதல் கியரில் சிங்க்ரோ இல்லை, நின்ற பிறகுதான் போட வேண்டும். பெற்றோல் உங்கள் செலவு. தாங்கி சாரதி சீற்றுக்கு அடியில். பெற்றோல் செற்றில் நீங்கள் இறங்கி, மெத்தையைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.